ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள்



"ஒங்களுக்கென்ன டீச்சர், ஒண்டரைக்கெல்லாம் ஊட்டுக்குப் போயிடுறீங்க. வருஷத்துல மூணு லீவும் ஈக்கிது."

கல்யாண வீட்டில், ஜனாஸா வீட்டில், கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில், எங்கு போனாலும் நாம் கேட்கும் பேச்சு இது. வழமையாகச் சிரித்துவிட்டு வந்துவிடுவோம். இன்று சிரிக்கப் போவதில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரைக்கு மணி அடிப்பது உண்மை. அதோடு பிள்ளைகளின் வேலை முடிகிறது, எமது அலுவலக வேலை தொடங்குகிறது. ஆம், அலுவலக வேலைதான். எமது பாடசாலையில் முகாமைத்துவ உதவியாளர் என்று ஒருவர் கிடையாது. ஆகவே சுரக்ஷா காப்புறுதிப் படிவம், சீருடைப் பட்டியல், பாடப்புத்தகக் கணக்கு, வரவு வீதம், தவணைப் புள்ளிகள் எல்லாம் வகுப்பாசிரியர் தலையில். தாளில் ஒருமுறை, கூகுள் ஃபோர்மில் ஒருமுறை, எக்ஸெலில் இன்னொரு முறை. இரவு 9.40க்கு வட்ஸ்அப் குரூப்பில் செய்தி வரும்: "நாளை காலை 8 மணிக்கு முன் தேவை. மிக அவசரம்." அதே விபரத்தைப் போன மாதமும் கொடுத்திருப்போம். ஃபோனும் எம்முடையது, டேட்டாவும் எமது காசு.

10.50க்குப் பெற்றோர் குரூப் விழிக்கும். "டீச்சர், நாளைக்கு என்ன கலர் பேப்பர் கொண்டு வரணும்?" (அதைப் பிள்ளையின் கொப்பியில் எழுதித்தான் அனுப்பியிருப்போம்.)

பாடத்துக்கு ஆயத்தம் செய்ய மிஞ்சுவது சுபஹுக்குப் பிறகு அரை மணி. அதற்குள்தான் சமையலும், சொந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றுவதும். எமது ஸ்டாப் ரூமில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சென்ற தவணை எம் சக ஆசிரியை ஒருவர் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். பிரஷர். வார்டுக்குப் பார்க்கப் போனோம். சேலைன் ஏறாத கையால் 9ஆம் தரப் புள்ளிகளை ஃபோனில் அடித்துக்கொண்டிருந்தார். "இத அனுப்பிட்டா நிம்மதியா படுத்துடுவேன்" என்றார். நாமும் பக்கத்தில் இருந்து புள்ளிகளை வாசித்துக் கொடுத்தோம். ஃபோனைப் பறித்து வைத்திருக்க வேண்டும். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று எமக்கு அன்னா செபஸ்தியனின் நினைவு வந்தது. கேரளத்துப் பெண், வயது 26, பட்டயக் கணக்காளர். 2024 மார்ச்சில் புனேயில் வேலைக்குச் சேர்ந்தார், ஜூலையில் மௌத்து. மகளை வேலைப்பளு நசுக்கிவிட்டது என்றும், அடக்கத்துக்கு அலுவலகத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை என்றும் தாய் கடிதம் எழுதினார். வேலைதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அந்தக் கடிதத்தை நம்மூரிலும் அழும் முகம் போட்டுப் பகிர்ந்தார்கள். அவர்களில் சிலர் எமது 10.50 குரூப்பில் இருப்பவர்கள்தான்.

வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்பவருக்குப் பாரிசவாத ஆபத்து 35 வீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சொல்லின. டவுனில் கடையில் நிற்பவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று எல்லை போட்டிருக்கிறது. (அதை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு பதிவு.) எமது இரவு 9.40க்கு எல்லை எங்கே?

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வருகிறது: "கற்பித்தல் அமானிதம். கூலியை அல்லாஹ்விடம் எதிர்பாருங்கள்." அமானிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் பிள்ளைகள், எக்ஸெல் தாள் அல்ல. தூக்கம் கெட்ட கண்ணோடு 35 பிள்ளைகள் முன் நின்று எரிந்து விழுகிறோமே, அதற்கு யார் பதில் சொல்வது?

எம்மிலும் பிழை இருக்கிறது. 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை 12இல் இருந்து நூறு நாட்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. சம்பளத்துக்கு அப்படி நின்ற நாம், நேரத்துக்காக ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. குரூப்பில் "ஓகே சேர்" என்று முதலில் போடுவதற்குப் போட்டி வேறு.

எழுதுவினைஞரை நியமிப்பது அரசின் கடமை. அதையும் எழுத்தில் கேட்கத்தான் போகிறோம். அதுவரை? பழைய மாணவர் சங்கமும் அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து நுழைவாயில் வளைவு கட்டினீர்கள், அழகாக இருக்கிறது. இப்போது மேடைக்கு டைல்ஸ் பதிக்கப் பேசுகிறீர்கள். டைல்ஸை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சியை நாளுக்கு நான்கு மணி நேரம் கணினி முன் உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு வருமானம். மாலை 6 மணிக்குப் பிறகு இரண்டு குரூப்பும் மூடப்பட வேண்டும்.

பொதுக்கூட்டம் அடுத்த தவணை ஆரம்பத்தில். தீர்மானத்தை நாமே எழுதித் தருகிறோம். முன்மொழிய ஒரு வாப்பா, வழிமொழிய ஒரு உம்மா வந்தால் போதும்.