படகு தவறினால் பிடியாணையா?

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கு,

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டையை அமைச்சர் அவர்கள் பார்த்திருக்கக்கூடும். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. பின்னாளில் சிறை. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி.யினரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். இன்று அதே சுவர்களுக்குள் கடற்படை விடுதி நடத்துகிறது. காசு கட்டி இரவு தங்கலாம். கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது.

மனிதருக்கும் அது கிடைக்க வேண்டுமென்றுதான் 1999இல் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சிறு குற்றத்துக்கு மறியலுக்கு அனுப்பாமல், சம்பளமில்லாப் பொதுவேலை செய்யும்படி நீதவான் கட்டளையிடலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குள் போகிறவர்களே இந்த நாட்டில் ஏராளம் என்பதால், சட்டத்தின் தேவையை அமைச்சருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவே 2024 யூலையில்தான் சமூக சேவையைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது.

சிக்கல் கடலில் இருக்கிறது. நெடுந்தீவுக்காரர் ஒருவர் கசிப்பு வழக்கில் குற்றவாளியாகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையும் கையெழுத்தும் ஊர்காவற்றுறையில் என்றால், விடியப் படகேறி, ஒரு மணி நேரம் அலையில் ஆடி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். அன்றைய தொழில் போச்சு. காற்று ஓங்கிப் படகு ஓடாவிட்டால், வீட்டில் இருந்தபடியே அவர் கட்டளையை மீறியவராகிறார்.

வேலையோ தீவிலேயே குவிந்து கிடக்கிறது. நெடுந்தீவின் வேலிகள் பவளக் கல்லை அடுக்கி எழுப்பியவை. சீமெந்து கிடையாது, ஒன்றின் பாரத்தில் மற்றது நிற்கும். சரிந்த இடத்தில் கல்லைப் புரட்டிப் புரட்டி, பொருந்தும் முகத்தைத் தேடி வைக்க வேண்டும். அவசரக்காரருக்குச் சரிவராத வேலை. கோடையில் மட்டக்குதிரைகள் தண்ணீருக்குத் தவிக்கும். தொட்டி நிரப்ப ஆள் வேண்டும். நயினாதீவில் திருவிழா முடிந்த மறுநாள் இறங்குதுறையைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள வேலையைச் சொல்லத் தேவையில்லை.

நோர்வேயின் பாஸ்டோய் தீவுச் சிறையில், கரைக்குப் போய்வரும் படகிலேயே கைதிகள் வேலை செய்கிறார்கள். நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகின் சுக்கானை யாரும் இங்கே கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லாரும் மாமன் மச்சானாக இருக்கும் தீவில், குப்பை அள்ளுபவரைப் படமெடுத்து முகநூலில் போட்டால் அது சேவையல்ல, ஊர் நடுவே நிறுத்தி அடிப்பது. படமெடுப்பதைக் கட்டளையிலேயே தடுக்க வேண்டும்.

அமைச்சர் அவர்களிடம் கேட்பது பெரிதல்ல. மேற்பார்வைப் பொறுப்பை நெடுந்தீவு, வேலணை பிரதேச செயலகங்களோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு நாள் சீர்திருத்த உத்தியோகத்தர் குறிகட்டுவானில் படகேறட்டும். அன்று காற்று ஓங்கினால், வராதவர் யார் என்று பதிவேட்டில் சரியாகவே எழுதலாம்.