நீர் மாத்திரையும் கழிப்பிட வரிசையும்

ஆசிரியருக்கு,

நீர் மாத்திரைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை சொன்னதெல்லாம் சரி. ஆனால் மாத்திரை போட்டவர் எங்கே போய் நீர் கழிப்பார் என்பதை அது தொடவே இல்லை.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. நீரோடு சேர்ந்து திரும்பும் உப்பில் ஒரு பகுதியை மாத்திரை தடுக்கிறது. உப்போடு தண்ணீரும் வெளியேறுகிறது. இதயம் தளர்ந்தவருக்குக் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் குறைவது இதனால்தான். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, 6 மணி நேரம் வரை நீடிக்கும்.

அந்த நேரம் தாராவியில் எப்படிப் போகும்? தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் வசிக்கும் என் அத்தை, பொதுக் கழிப்பிட வரிசைக்கு அஞ்சி மாத்திரையையே நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, வரிசை குறையும் முற்பகலுக்கு வேளையை மாற்றிக் கொடுத்தார். இப்போது அத்தை ஒழுங்காகப் போடுகிறார்.

இந்த மாத்திரையால் பொட்டாசியம் குறைகிறதா என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரும் மருத்துவர்கள், "வீட்டில் கழிப்பறை உண்டா?" என்றும் கேட்க வேண்டும். மாநகராட்சி, பொதுக் கழிப்பிடங்களில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் தனி வரிசை ஒதுக்கட்டும். மருத்துவரைக் கேட்காமல் எவரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்பதை அடுத்த இதழில் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, செம்பூர், மும்பை