கறளும் கடமையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின் நாம் இங்கு எழுதப் புகுவது கறள் பிடித்த கார் ஒன்றைப் பற்றியே. பயிற்சிக் கலாசாலையிலும் வகுப்பறையிலும் நாம் கல்லாத சிலவற்றை அக்காரின் அடியில் மல்லாந்து கிடந்த வேளையிற் கற்றோம். அவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் தகும் என்பது எம் எண்ணம்.

எம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பழைய பொருள் ஒன்றை வீட்டில் வைத்துத் தம் கையாலே திருத்துதல் பெரியோர்க்கும் சிறியோர்க்கும் ஒருங்கே பயன்தரும் நற்கல்வி. ஆனால் வீட்டாரின் உடன்பாடும் மறைவற்ற கணக்கும் இன்றி அது நடைபெறுமாயின், காரின் கறள் நீங்க வீட்டில் கறள் பற்றும். இவ்விரண்டையும் நாம் பட்டறிந்தே கூறுகின்றோம்.

கார் எத்தகையது என்பதைச் சிறிது கூறுவோம். அது 1959ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது. இவ்வகைக் காரை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இது, பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெருமையை 1960ஆம் ஆண்டு முடிவிற் பெற்றது. இதன் பிறப்பிலேயே ஒரு பாடம் உண்டு. மாதிரிக் கார் ஆயத்தமான பின்னர் அது ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிசுக்குத் தோன்றியது. உடனே அதனை நீளப்பாட்டில் இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலம் கூட்டினார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அத்திருத்தத்தின் அடையாளமாக இன்றும் இருக்கின்றது. முடிந்த வேலையைப் பிழையெனக் கண்டவிடத்து மீண்டும் வெட்டத் துணிந்தவரே நல்ல தொழிலாளர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எமது தீபகற்பத்தில் இத்தகைய பழைய கார்கள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று; தேவையே முதற்காரணம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி ஒடுங்கியது. 1977ஆம் ஆண்டின் பின் அது தளர்ந்ததேனும், 1990களில் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் எங்கள் கராச்காரர் சில துளி பெற்றோலாற் காரை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடச்செய்த திறமையை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திரார்.

எந்தையார் 1974ஆம் ஆண்டில் வாங்கிய அக்கார், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, எம் பாட்டியாரையும் அயல்வீட்டுப் பச்சைக் குழந்தையையும் அதன் தாயையும் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றது. நடப்பவரின் வேகத்துக்கு மேல் அது செல்லவில்லை. செல்ல வழியும் இருக்கவில்லை. நாமும் அதன் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தோம். எந்தையார் மறைந்த பின்னர் அது மாமரத்தின் கீழ்ப் பதினான்கு ஆண்டுகள் நின்றது. போருக்குப் பின் வந்த சிறிய யப்பான் கார்களின் நடுவே அதனை நினைப்பார் இல்லை. அது கண்ணிற் படும்போதெல்லாம் எம் நெஞ்சு உறுத்தும்.

நிற்க. அந்த உறுத்தலே எம்மைப் பிழை வழியிற் செலுத்திற்று என்பதையும் மறையாது கூறவேண்டும். 2018ஆம் ஆண்டில், துணைவியாருக்குச் சொல்லாமலே, எம் சம்பளத்தின் மீது இரண்டு இலட்சம் ரூபா கடன் பெற்றுக் காரைக் கராச் ஒன்றில் ஒப்படைத்தோம். இரண்டு மாதத்தில் அது பளபளவென்று வந்து முற்றத்தில் நின்றது. ஊரார் புகழ்ந்தனர், நாமும் பூரித்தோம். கார்த்திகை மாத மழை தொடங்கியதும் கதவுகளின் கீழ்ப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அடுத்த ஆண்டில் ஒருநாள் எம் மகள் முன்னிருக்கையில் ஏறியபோது அவளுடைய கால் தரைத்தகட்டை ஊடறுத்துக்கொண்டு கீழே சென்றது. நல்லூழாகக் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பார்த்தால், கறளை வெட்டாமல் அதன்மேற் பற்றியைப் பூசி, பற்றியின்மேல் நிறத்தைப் பூசியிருந்தனர்.

அதே வாரத்தில் எம் சம்பளச் சிட்டையைத் துணைவியார் காண நேர்ந்தது. அவர் கடிந்து பேசவில்லை. "காரைப் பூசினமாதிரி என்னையும் பூசிப்போட்டியள்" என்ற ஒன்றை மட்டுமே சொன்னார். நாம் இருபது ஆண்டு உவமையணி கற்பித்தவர். அதனினும் பொருந்திய உவமையை யாண்டும் கேட்டிலேம்.

கறளின் இயல்பை மாணவர் அறிதல் நன்று. இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடுமிடத்துக் கறள் பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கடலும் கடனீரேரியும் சூழ்ந்த எம் நிலத்தில் உப்புக்குக் குறைவில்லை. கறள் தான் தின்ற இரும்பிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் பொருத்துக்களைப் பிளந்து புகும். அது துளைகள் மலிந்தது. ஆதலின் உள்ளேயிருக்கும் நல்லிரும்பைக் காப்பதும் இல்லை. மேலே பூசப்பட்ட பற்றி ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு அழிவை மறைக்கும், நிறுத்தாது. மேலும் மொறிஸ் மைனருக்கு லொறிக்கு உள்ளதுபோல முழுமையான தனிச்சட்டம் இல்லை. உடலே அதன் எலும்பு. கதவுகளின் கீழ் ஓடும் பெட்டி போன்ற பகுதியும் தரைத்தகடும் உக்கினால் அஃது அழகுக்குறையன்று, உயிருக்கு இடர்.

எம்மை நேர்வழிப்படுத்தியவர் எழுபது வயதைக் கடந்த கராச்காரர் ஒருவர். 2020ஆம் ஆண்டில் ஊரடங்கு தளர்ந்த பின்னர் எம் வளவுக்கு வந்து, சுத்தியலாற் காரை அங்குமிங்கும் தட்டி, அதன் ஓசையைக் கேட்டார். பின்னர், "மாஸ்ரர், கறளை மூடாதேங்கோ. நல்ல இரும்பு தெரியுமட்டும் வெட்டுங்கோ. எவ்வளவு போகுதெண்டு பயப்பிடாதேங்கோ" என்றார். அவ்வாண்டு வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்தது. பழையதைத் திருத்துவது விளையாட்டன்று என்பதை ஊரும் அப்போது ஒப்புக்கொண்டது.

வேலை தொடங்கு முன்னர்த் துணைவியார் ஒரு விதி செய்தார். "இதுக்கெண்டு ஒரு கொப்பி போடுவம்" என்றார். வரவு, செலவு, நாள், நேரம் யாவும் அதில் எழுதப்படும். மாதம் இவ்வளவுக்கு மேல் இல்லை. சனிக்கிழமை பிற்பகல் மட்டுமே கார். அதுவும் வீட்டு வேலை முடிந்த பின்னர். மகனின் சைக்கிளுக்குக் காற்று இல்லாதிருக்கும்போது கார்ச் சில்லைத் தொடுதல் கூடாது. கடன் தீரும்வரை வெல்டிங்குக்குப் பணம் இல்லை. முதலில் இவை எமக்குக் கால்விலங்காகத் தோன்றின. பின்னரே, காலக்கெடுவும் பணக்கட்டும் இல்லாத ஆசையே மனிதனைக் கெடுப்பது என்பதை உணர்ந்தோம்.

இவ்வாறு நான்கு ஆண்டுகள் சென்றன. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நெருக்கடியும் விலையேற்றமும் வந்தபோது கொப்பியிற் பல மாதம் வெறுந்தாளாகவே இருக்கின்றது. எனினும் வேலை நடந்தது. கதவு நிலைகள் கோணாதவாறு குறுக்கே இரும்புக் குழாய் பொருத்திய பின்னரே உக்கிய தகட்டை வெட்டினோம். வெல்டிங் எம் கைக்கு எட்டாத தொழில். அதனைப் பெரியவரிடமே விட்டோம். அளத்தல், கீறல், அராவுதல், எண்ணெயிடுதல் முதலியன எமக்கும் பிள்ளைகட்கும் ஆயின. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்து, பற்றறியையும் விலக்கி, காரைக் கிடுகுக் கொட்டிலிலிருந்து வெளியே தள்ளிய பின்னன்றி வெல்டிங் கருவி உயிர்பெறவில்லை. கிடுகின் அருகே தீப்பொறி என்றால் விளைவை விரிக்க வேண்டியதில்லை.

இம்முயற்சியில் இறங்க விரும்புவோர்க்கு வேறு மூன்று எச்சரிக்கைகளும் கூறுவோம். பழைய பெயின்றில் ஈயம் இருத்தல் கூடும். ஆதலின் அதனை உலர்ந்தபடி தேய்த்துப் புழுதியாக்காது நீர் விட்டுத் தேய்த்தல் வேண்டும். சிறுபிள்ளைகள் அண்மையில் நிற்றல் ஆகாது. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்; அதன் தூசியை ஊதுதல் கூடவே கூடாது. கழித்த எண்ணெயை மண்ணில் ஊற்றுதலும் பெருந்தீது. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரையே நாம் அனைவரும் குடிக்கின்றோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தைக் கண்ட பின்னரும் அதனை ஒருவர் செய்வாராயின் அவர் அயலாருக்கு விடை சொல்லல் வேண்டும்.

இனி, எம்மை மறுப்பார் கூறுவன இரண்டு. இத்தனை நேரத்தைப் பிள்ளைகளின் ரியூசனுக்குச் செலவிட்டிருக்கலாமே என்பது ஒன்று. எம் மகள் உயர்தரத்திற் பௌதிகவியல் கற்கின்றாள். இக்காரில் மற்றைய கார்களுக்கு மாறாகப் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருத்தலைக் கண்டு, அது ஏன் என்று அவள் கேட்ட கேள்விக்கு எந்த ரியூசனும் அவளைத் தூண்டவில்லை. மகனோ, கதவுத்தூணிலிருந்து எழும்பும் கைகாட்டியைத் தானே திருத்தி, அது முதன்முறை எழும்பியபோது அயலிற் பாதிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினான். புத்தகம் தராத ஒரு பொறுமையை இருவரும் பெற்றனர். ஆயினும் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் காரை மூடிவைத்தோம். அதுவும் கொப்பியில் உள்ள விதியே.

பழைய காருக்கு இன்று நல்ல விலை உண்டு; விற்றுவிட்டால் என்ன என்பது மற்றது. இதனை நாம் இகழமாட்டோம். வீட்டில் அடுப்பெரிய வழியில்லாதவன் தந்தையின் காரைக் கட்டிக்கொண்டு அழுதல் தந்தைக்கும் பெருமை ஆகாது. அந்நிலை எமக்கு வந்திருப்பின் விற்றிருப்போம். கொப்பியைப் புரட்டிப் பார்த்து, விற்க வேண்டாம் என்று தீர்ப்பளித்தவர் நாமல்லர், துணைவியாரே. அவர் தீர்ப்பாகையாலேயே அது எமக்கு அமைதி தருகின்றது.

2024ஆம் ஆண்டில் கார் ஓடத் தொடங்கியது. அது கண்காட்சிக்குரிய கார் அன்று. நிறம் சில இடங்களில் ஒவ்வவில்லை. பின்கதவை மூட இருமுறை இழுக்க வேண்டும். ஆனால் எங்கே தட்டினாலும் இரும்பின் ஓசை கேட்கும். முதற்பயணமாக நாவற்குழிப் பாலம்வரை சென்று திரும்பினோம். 1995இல் என்ன நடந்தது என்று பிள்ளைகள் அன்றுதான் முழுமையாகக் கேட்டனர். நாமும் அன்றுதான் முழுமையாகச் சொன்னோம்.

முடிவாக, சங்கத்தார்க்கும் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். விழாக்காலம் என்றால் முகப்புக்கு நிறம் பூசுதல் எங்கும் உள்ள வழக்கம். முகப்பு வேண்டாம் என்பது எம் கருத்தன்று. ஆயின் நிறம் பூசுமுன்னர் கூரை மரத்தைத் தட்டிப் பாருங்கள். எங்கே உக்கியிருக்கின்றதோ அங்கே வெட்டுங்கள். செலவைச் சிறியதாயினும் எல்லோரும் காணும் கொப்பியில் எழுதுங்கள். அத்துடன் கல்லூரி வளவின் ஒரு மூலையில் ஒரு கொட்டில் அமையுங்கள். பழைய சைக்கிளும் நீர்ப்பம்பியும் உடைந்த வாங்கும் அங்கே வரட்டும். தொழிலறிந்த பெரியோர் சனிக்கிழமைகளில் வந்து மாணவர்க்குக் காட்டட்டும். மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிய கைகள் இன்று முதிர்ந்துவிட்டன. அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு அது போய்விட்டால் எந்தப் பணத்தாலும் மீளாது.

எம் வளவுக்கு வந்த பெரியவரிடம் இதனைச் சொன்னோம். "கொட்டிலைப் போடுங்கோ மாஸ்ரர், நான் வாறன்" என்றார். கொட்டிலைப் போடுதல் இனி எம் அனைவரதும் கடமை.