வீட்டுப் பட்டியலை எழுதுவது யார்?



2018 நவம்பர் 16 விடியற்காலை நமக்கு மறக்குமா? கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னையையும் பலாவையும் கஜா புயல் வேரோடு சாய்த்தது. கீற்றுக் கூரைகளையும் வாரிக்கொண்டு போனது. மரக்கன்றை மறுபடி நட்டுவிட்டோம். ஆனால் கூரைக்காக இன்னமும் மனுவும் கையுமாக யூனியன் ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

திட்டத்துக்கா பஞ்சம்? 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. ஆறே ஆண்டில் 21 லட்சம் குடிசைகள் கான்கிரீட் வீடாகும் என்றார்கள். 2011-இல் ஆட்சி மாறியது, அது நின்றது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய் என்று பசுமை வீடு வந்தது. 2016-இல் மத்திய அரசு 1.20 லட்சம் ரூபாய்க்குப் பிரதமர் வீடு என்றது. 2024 பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம்: வீட்டுக்கு 3.50 லட்சம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற அறிவிப்பு. பேரு மாறுது, தொகை மாறுது, கோட்டையில ஆளு மாறுது. நம்ம குடிசை மட்டும் மாறலையே, ஏன்?

எத்தனை வீடு என்பது மேலே முடிவாகி, எண்ணிக்கையாகக் கீழே இறங்குகிறது. பட்டா இல்லாதவன் பெயர் பட்டியலில் ஏறுவதில்லை. பெயர் ஏறினாலும், பணம் கட்டுமானத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதுவரை கம்பிக்கும் சிமெண்டுக்கும் யார் கொடுப்பது? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. வீடு முடியும்போது கடனும் சேர்ந்தே குடியேறுகிறது.

இது பிச்சை அல்ல, நம் வரிப்பணம். கிராம வீட்டுவசதி, குடிநீர், சாலை, சிறுபாசனம் எல்லாமே அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிக்கு உரிய 29 இனங்களில் உள்ளவை. ஊரின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் அதிகாரம் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபைக்கு உண்டு. ஆனால் நடப்பது என்ன? எழுதி முடித்த தாளில் நம்ம கையெழுத்தை வாங்கிட்டுப் போறாங்க!

அதற்கு மேல் இன்னொரு கொடுமை. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இல்லாவிட்டால் நிதிக்குழு மானியமும் கிடையாது என்பது 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. நாற்காலி காலியானால் ஊர்க் கஜானாவும் காலி!

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. மழையும் கண்மாயும்தான் நமக்குச் சோறு. வரத்துவாரி தூர்ந்து, மடை உடைந்து கிடந்தால் கான்கிரீட் வீட்டுக்குள் உலை கொதிக்குமா? ஆகவே வீடும் நீரும் ஒரே திட்டத்தில் வர வேண்டும். நாம் கேட்பது இவைதான்:

* வீட்டுப் பட்டியலையும், விடுபட்டவர் பெயரையும், அதற்கான காரணத்தையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு!
* குடியிருக்கும் மனைக்கு முதலில் பட்டா கொடு!
* வேலை தொடங்கவே முன்பணம் கொடு!
* கண்மாய், வரத்துவாரி, குடிநீர், மயானப் பாதை வேலைகளை ஊர்த் திட்டத்தில் சேர்!
* உள்ளாட்சி நாற்காலியை இனி ஒரு நாளும் காலியாகப் போடாதே!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை நாள். களை எடுப்பை ஒரு நாள் தள்ளி வைத்தாவது வாருங்கள். பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மனு காத்துல பறந்துடும். தீர்மானம் நிக்கும்; அதை வைத்து நாளைக்குக் கணக்குக் கேட்கலாம்.

நம் ஊர்ப் பட்டியலை நாமே எழுதுவோம்! கிராம சபைக்கு அணி அணியாய்த் திரள்வோம்!