பீருக்கு 15 ஆண்டு, லஞ்சத்துக்கு 10

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. ஆறு நாள் கழித்து, பக்கத்து ஊரான கென்னரில் மளிகைக் கடை ஒன்றிலிருந்து மது பாட்டில்களையும் பீர் பெட்டிகளையும் தூக்கிச் சென்ற மூன்று பேர் பிடிபட்டனர். ஆளுக்கு 15 ஆண்டு சிறை விதித்தது நீதிமன்றம். அவசரநிலைக் காலக் கொள்ளைக்கு லூசியானா மாநிலச் சட்டத்தில் அதுதான் உச்சபட்சம்.

அப்போதைய நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நாகின், ஒப்பந்தக்காரர்களிடம் லட்சக்கணக்கான டாலரும், குடும்பத்தின் கல் வியாபாரத்துக்கு லாரி லாரியாகக் கிரானைட்டும் லஞ்சமாக வாங்கியவர். 2014-ல் அவருக்குக் கிடைத்தது 10 ஆண்டு. கொரோனா காலத்தில், 2020-லேயே சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

பேரிடர்க் காலக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் முகாமில் முடங்கிக் கிடக்க, போலீஸ் வண்டி தெருவுக்குள் நுழைய முடியாத நேரம் பார்த்துப் பூட்டை உடைப்பவரைச் சாதாரணத் திருடராகக் கருத முடியாது. டெக்ஸாஸில் பேரிடர்ப் பகுதித் திருட்டுக்குத் தண்டனை ஒரு படி ஏறுகிறது. அதில் தவறில்லை.

ஆனால், பீதியில் எழும் கோபம் ஆள் பார்ப்பதில்லை. கத்ரீனாவின்போது நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கில் இருநூறு பிணங்கள் கிடப்பதாக வதந்தி பரவி, குளிர்பதன லாரியே கொண்டுவரப்பட்டது. உள்ளே இருந்தவை ஆறு. அந்தப் பீதியின் நடுவேதான் டான்சிகர் பாலத்தில் போலீசார் நிராயுதபாணிகளைச் சுட்டு இரண்டு பேரைக் கொன்றனர். பிறகு பொய்த் தடயம் வைத்துக் கதை ஜோடித்தனர். தண்ணீரும் ரொட்டியும் மருந்தும் எடுத்தவரைக் கொள்ளையர் கணக்கில் சேர்க்காத சட்டம்தான் வேண்டும்.

பெரிய பணம் போனது வேறு வழியில். கத்ரீனா, ரீட்டா சூறாவளி நிவாரணத்தில் 60 கோடி முதல் 140 கோடி டாலர் வரை முறைகேடாகப் போயிருக்கலாம் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே கணக்கிட்டது. நிவாரண மோசடிக்கு 30 ஆண்டு வரை சிறை என்று 2008-ல் அங்கே சட்டம் வந்தது. கடுமை காட்ட வேண்டிய இடம் அதுவே.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். சுனாமிக்குப் பின் வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53-வது பிரிவுப்படி, நிவாரணப் பணத்தையோ பொருளையோ சுருட்டினால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. சாதாரண நாளில் வீடு புகுந்து திருடினாலே ஏழு ஆண்டு வரை உண்டு! அரசு ஊழியரின் கையாடலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆயுள் வரை இடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்கு வெள்ள நாளும் வெயில் நாளும் ஒன்றுதான்.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 60-வது பிரிவு இன்னும் மோசம். அரசோ, பேரிடர் ஆணையங்களோ, அவை அதிகாரம் அளித்தவர்களோ புகார் தந்தால்தான் வழக்கை நீதிமன்றம் ஏற்கும். மற்றவர்கள் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். முகாமுக்கு வந்த அரிசி மூட்டை இரவோடு இரவாக வேறு வண்டியில் ஏறுவதைப் பார்த்தவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் அரிசி விற்றுத் தீர்ந்திருக்கும். பதிவேட்டில் கையெழுத்தும் சரியாக இருக்கும்.

53-வது பிரிவின் தண்டனையைக் குறைந்தபட்சம் வீட்டுத் திருட்டின் அளவுக்காவது மத்திய அரசு உயர்த்த வேண்டும். நிவாரணக் கையாடல் புகார்களுக்கு அந்த 30 நாள் நிபந்தனையையும் நீக்க வேண்டும்.