திரிகைக் கல்லும் தராசும்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் திருப்பலியை முடித்துவிட்டுப் பூசையுடையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலுக்கு எதிரே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காய்கறி விற்றுவரும் அம்மா ஒருவர் உள்ளே வந்தார். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். ஆனால் ஆண்டுதோறும் திருவிழாக் கொடியேற்றத்துக்குத் தவறாமல் மாலை வாங்கித் தருபவர்.

"சாமி, நேத்து சாயங்காலம் லாரி வந்துச்சு. தக்காளிக் கூடை, தார்ப்பாய், தராசு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. காய் போனாப் போகட்டும். தராசு இல்லாம நாளைக்கு எதை வச்சுப் பொழைக்கிறது?" என்றார்.

"எடுத்துப்போன பொருளுக்குச் சீட்டு ஏதும் கொடுத்தார்களா அம்மா?" என்று கேட்டேன்.

"சீட்டா? என்ன சீட்டு சாமி?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அந்தச் சீட்டு, சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய உரிமை. அது அவருக்கும் தெரியாது, பறித்துச் சென்றவர்களுக்கும் நினைவில்லை. நம் ஊர்களில் சாலையோரத்தில் கடை போடுகிறவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலையோர வியாபாரம் ஆக்கிரமிப்பு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. வாழும் உரிமைக்குள் பிழைப்பு தேடும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் கூறியது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அதை ஒழுங்குபடுத்தலாம், குறிப்பிட்ட ஓர் இடம் எனக்கே சொந்தம் என்று எவரும் கேட்க முடியாது என்று 1989-ல் சோதன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

இதன் தொடர்ச்சியாக 2014-ல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டு மே முதல் நாளன்று அது நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு பங்கு மக்களும் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது உள்ளாட்சி அமைப்பு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகு அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு படியை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் திருப்பிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும்.

இதையெல்லாம் மேற்பார்க்க ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உரியது. தொண்டு நிறுவனங்களுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் குறைந்தது 10 விழுக்காடு இடம் உண்டு.

சட்டம் வியாபாரிக்கும் வரம்பு கட்டுகிறது. அவருக்கு வேறு பிழைப்பு இருக்கக் கூடாது. கடையை அவரோ அவர் குடும்பத்தாரோ நடத்த வேண்டும். சான்றிதழை வாடகைக்கு விடவோ கைமாற்றவோ கூடாது. எல்லாம் நியாயமானவைதான்.

எங்கே தடுக்குகிறது?

சட்டம் வகுத்த வரிசை கணக்கெடுப்பு, சான்றிதழ், அதன் பிறகே ஒழுங்கு நடவடிக்கை என்பது. தெருவில் நடக்கும் வரிசை வேறு. லாரி முதலில் வருகிறது, காகிதம் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

நம் அம்மாவின் கதையையே பாருங்கள். கணக்கெடுக்க வந்த நாளில் அவர் மகளின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். கடை இருந்த இடத்தில் சாக்கு மட்டும் விரித்திருந்தது. சாக்குக்குப் பெயர் இல்லை, கைபேசி எண் இல்லை. அவர் பெயர் விடுபட்டுப்போனது. பிறகு அலுவலகத்துக்குப் போனபோது, குடும்ப அட்டையில் உள்ள முகவரி வேறு ஊர் என்றார்கள். ஆதாருடன் இணைத்த எண் மகனுடையது, அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு முறை அலையும்போதும் ஒரு நாள் வியாபாரம் போகும். மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் போகவில்லை. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர்களின் பாடு இன்னும் மோசம். ஒரே இடத்தில் நில்லாதவரை எந்த இடத்தில் கணக்கெடுப்பது?

சான்றிதழ் இல்லாததால் இழப்பது இடத்தை மட்டுமல்ல. கொரோனா முடக்கத்தில் நொடித்துப்போன சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் 'பிஎம் ஸ்வாநிதி' என்ற பிணையில்லாக் கடன் திட்டம் தொடங்கியது. 2025-ல் திருத்தியமைக்கப்பட்ட அத்திட்டத்தில் முதல் தவணையில் 15,000 ரூபாய், அதைத் திருப்பிக் கட்டினால் 25,000, பிறகு 50,000 வரை வங்கிக் கடன் கிடைக்கும். ஆனால் அதற்குச் சான்றிதழோ, அடையாள அட்டையோ, உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். இவை எதுவும் இல்லாதவர் எங்கே போவார்? விடியற்காலையில் 900 ரூபாய் கொடுத்துச் சாயங்காலம் 1,000 ரூபாய் வாங்கும் வட்டிக்காரரிடம்தான் போவார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. வங்கிக் கதவு திறக்காதவரை அந்தச் சட்டம் மட்டும் அவரைக் காப்பாற்றாது.

மறுபக்கமும் உண்டு

நடைபாதை நடப்பவர்களுக்கானது. ஊன்றுகோலோடு கோயிலுக்கு வரும் முதியவர் கடைகளுக்குப் பயந்து சாலையில் இறங்கி நடக்கிறார், பேருந்து அவரை உரசிக்கொண்டு போகிறது. வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர், தன் வாசலை மறைத்து இன்னொருவர் கடை விரிப்பதைப் பார்த்து மனம் நொந்துபோகிறார். இவர்களும் நம் பங்கு மக்களே. ஆகவே ஒழுங்குமுறையே வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒழுங்கு என்பது துரத்துவது மட்டுமல்ல. சென்னை மெரினா லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. மீன் கடைகள் அகற்றப்பட்டபோது நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். சாலை வரும் முன்பே நாங்கள் இங்கே இருந்தோம் என்பது அவர்களின் வாதம். 2024 ஆகஸ்டில் அதே சாலையில் 366 கடைகளுடன் மீன் அங்காடி திறக்கப்பட்டது. எல்லாக் குறைகளும் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க வருகிறவர்கள் நடந்து வரும் தொலைவிலேயே மாற்று இடம் தர முடியும் என்பதை அது காட்டியது. ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில் கட்டடம் கட்டிக் கொடுத்தால் அங்கே கடை இருக்கும், வியாபாரம் இருக்காது.

அந்த மனுவில் முதல் கையெழுத்து

இங்கே ஓர் உண்மையை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். லாரி வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், திருவிழாவுக்கு வரும் கார்களை நிறுத்த இடமில்லை என்று எங்கள் பங்குப்பேரவை ஒரு மனு கொடுத்தது. கோயில் முன்னுள்ள நடைபாதைக் கடைகளை அகற்றித் தருமாறு அதில் கேட்டிருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. அந்த அம்மா என்னிடம் உதவி கேட்டு வந்தபோது அது அவருக்குத் தெரியாது. பிறகு நானே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின், "திருவிழாவுக்கு ரெண்டு நாள் ஒதுங்கச் சொல்லியிருந்தா நாங்களே ஒதுங்கியிருப்போமே சாமி" என்றார்.

அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மக்கள் இயல்பாகக் கூடி வாங்கி விற்கும் இடத்தை 'இயல்பான சந்தை' என்று 2014 சட்டம் அழைக்கிறது. கணக்கெடுப்பில் அப்படி அடையாளம் காணப்பட்ட இடத்தை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கோயில் வாசலில் மெழுகுவர்த்தியும் பூவும் காயும் விற்கும் சந்தை எப்படி வந்தது? நாம் கூடுவதால் வந்தது. கூட்டத்தைக் கூட்டியவர்கள் நாம். அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்களை மட்டும் அந்நியராக நினைப்பது எப்படி நியாயம்?

இறைவார்த்தையின் ஒளியில்

இணைச்சட்ட நூலில் (24:6) ஒரு சிறிய கட்டளை உண்டு. கடன் கொடுத்தவர் ஏழையின் திரிகைக் கல்லை அடகாக எடுக்கக் கூடாது என்கிறது. அது அவருடைய உயிரையே அடகாக எடுப்பதாகும் என்று காரணமும் சொல்கிறது. கொடுத்த கடனைக் கேட்கும் உரிமையை அந்தக் கட்டளை மறுக்கவில்லை. ஆனால் மாவரைத்து அன்றைய அப்பத்தைச் சுடும் கருவியில் கை வைக்காதே என்கிறது. இன்று அந்தத் திரிகைக் கல் எது? தராசு, தள்ளுவண்டி, இட்லிக் கொப்பரை, இஸ்திரிப் பெட்டி. தவறு செய்தவருக்கு அபராதம் போடலாம், இடம் மாற்றலாம். பிழைக்கும் கருவியைப் பறித்துப் பூட்டி வைப்பது வேறு வகையானது.

2020 பாஸ்கா நாளில் மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் தெரு வியாபாரிகளையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அவருக்குப் பின் 2025-ல் பொறுப்பேற்ற திருத்தந்தை, தொழிலாளர் உரிமைக்காக 1891-ல் 'ரேரும் நோவாரும்' மடலை எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். திருச்சபையின் இந்த அக்கறை உரோமையிலிருந்து நம் கோயில் வாசல்வரை வந்து சேர வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, கணக்கெடுப்பு நாளை முன்கூட்டியே விசாரித்து அறிந்து, திருப்பலி அறிவிப்பில் வாசிக்கலாம். அன்பியங்கள் தங்கள் தெருவில் கடை போடுபவர்களிடம் சொல்லலாம். விடுபட்டவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நம் இளைஞர்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாவதாக, நம் ஊரில் நகர விற்பனைக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையும் பெண்கள் சுயஉதவிக் குழுக்களும் இதைக் கேட்கத் தகுதி உள்ளவை.

மூன்றாவதாக, பொருளைப் பறித்தால் பட்டியல் கேளுங்கள் என்று ஒவ்வொரு வியாபாரிக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

நான்காவதாக, நம் வளாகத்தையே பார்க்கலாம். திருவிழாக் கடைகளை ஏலம் விட்டு அதிகத் தொகை கேட்பவருக்குக் கொடுக்கும் பங்குகள் உண்டு. ஆண்டு முழுவதும் வாசலில் இருப்பவருக்கு அந்தப் பத்து நாளிலும் ஓர் இடம் ஒதுக்கினால் கோயில் வருமானம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது நாள் கழித்துத் தராசு கிடைத்தது. தக்காளி கிடைக்கவில்லை. சான்றிதழுக்கான விண்ணப்பம் இன்னும் மேசையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை நானும் பங்குப்பேரவைச் செயலரும் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். எங்கள் பழைய மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டோம். இந்த ஆண்டு திருவிழாவில் கார்கள் பள்ளி மைதானத்தில் நின்றன.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, வாசலில் கடை போட்டிருப்பவரிடம் பேரம் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்களா?" இல்லை என்றால், அவரோடு அலுவலகம்வரை நடந்து போக நம்மில் யார் முன்வருவோம்? சிந்திப்போம், செயல்படுவோம்.