சொட்டுகிற குழாயும் 'மேக் ஆர் பை' கணக்கும்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "பிளம்பர் வரட்டும்" என்பார் அப்பா. "சொல்லியாச்சு" என்பேன் நான். பிளம்பர் அண்ணனையும் குறை சொல்ல முடியாது. புது வீட்டு வேலையை விட்டுவிட்டு ஒற்றைக் குழாய்க்காகப் புதூர் வரை யார் வருவார்?

ஒரு நாள் குழாய்க்குக் கீழே லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. நாளுக்கு 8 லிட்டர், மாதத்துக்கு 240 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 16 குடம்!

ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் கிராமங்களுக்காக 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டமே ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. அதில் ஏழில் ஒரு பங்கு எங்கள் வீட்டில் சும்மா ஒழுகியது. இந்தக் கரிசல் மண்ணில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நல்ல தண்ணீருக்குத் தாமிரபரணிதான் கதி. கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்துதான் வருகிறது. அப்படி வருகிற தண்ணீரை அம்மா வாசலில் காத்திருந்து பிடித்துத் தொட்டியில் ஊற்ற, நாங்கள் கொல்லையில் சொட்ட விட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, நாமே கழற்றுவோம் என்று இறங்கினேன். "ஏலே, இருக்கதையும் உடைச்சு வச்சிராத" என்றார் அம்மா.

முதல் வேலை, தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுவது. அது எங்கே இருக்கிறது என்றே வீட்டில் மூன்று பேருக்கும் தெரியவில்லை! தேடிப்பிடித்து மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே போதும். எங்கள் குழாயில் வாஷர் உட்காரும் இடமே அரித்துப்போயிருந்தது. முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதுதான்.

பழைய பித்தளைக் குழாய், மரையில் உப்புப் படிந்து அசையவே இல்லை. எலுமிச்சைச் சாறு நனைத்த துணியைச் சுற்றி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு மாமாவிடம் இரண்டு ரெஞ்ச் வாங்கி, ஒன்றால் சுவரோரம் இருக்கும் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் குழாயைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது. மரையைத் துடைத்து, புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி முடுக்கினேன். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. குழாயோடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் பைப்பும் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஒடிந்தால் சுவரை உடைக்க வேண்டிவரும். அது பிளம்பர் வேலை. அவருடைய கைப்பக்குவத்துக்குத்தான் கூலி கொடுக்கிறோம்.

காஸ்டிங் வகுப்பில் 'மேக் ஆர் பை' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை நாமே செய்வதா, வெளியே வாங்குவதா என்கிற கணக்கு. இதைச் சொன்னதும் நண்பன் கேட்டான், "கூலி எவ்வளவுடா மிச்சம்?" என்னைக் கேட்டால் அது தப்பான கேள்வி. கூலியைக் கொடுத்திருக்கலாம். காத்திருந்த இரண்டு மாதத்தில் போன 32 குடம்தான் உண்மையான செலவு. அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை, அம்மா இடுப்பில்தான் ஏறியது. அதனால் காசை மிச்சம் பிடிக்க இதைக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

பி.காம். மூன்று வருடத்தில் தேய்மானத்துக்கு எத்தனையோ கணக்குப் போட்டாயிற்று. தேய்ந்த ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அது சரி, உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.